பதினேழுக்கு எதிரே

பேனாவில் மை உறைந்துவிட்டது.
பென்சிலால்தான் எழுதினேன்,
கையுறையின் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டிவிட்டு.

எண். துளை. வேகம். வெளிச்சம். குறிப்பு.
நோட்டில் ஐந்து பத்திகள்,
ஸ்கேல் இல்லாமல் இழுத்த கோடுகள்.

ஒன்று: எட்டு, நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு, மேகமூட்டம்.
நிதா படகுத்துறை. படகுகள் குப்புறக் கிடக்கின்றன.
இரண்டு: அதே. காகம் பறந்துவிட்டது.
மூன்று: ஐந்து புள்ளி ஆறு. பனியில் சறுக்குவண்டித் தடம்,
போனது மட்டும், திரும்பியது இல்லை.

பனியை மீட்டருக்குப் புரியாது.
உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்பது அதன் தீர்மானம்.
வெள்ளையைக் காட்டினால் பதறிப்போய்
மூடு, மூடு என்கிறது.
சரி சரி என்று கேட்டுக்கொண்டு
இரண்டு படி கூடத் திறக்க வேண்டும்.
மறந்துவிடுவேன் என்று
நோட்டின் அட்டையிலேயே எழுதியிருந்தேன்:
பனி என்றால் இரண்டு படி. யோகின்தே, இரண்டு படி.

உறைந்த காயலின் நடுவில் வித்மந்தாஸ்.
அக்காளின் கணவன்.
கல்யாணப் படங்களில்கூட
பல் தெரியாதவன்.
பனிக்கட்டியில் துளை போட்டு
நீளப் பலகையின் ஒரு முனையை உள்ளே இறக்கி
மறுமுனையை மரச்சுத்தியால் தட்டுகிறான்.
டொக் டொடொக் டொக்.
என்ன சத்தம் என்று பார்க்க வந்து
ஸ்டிண்டா மீன்கள் வலையில் விழும் என்கிறான்.
மீனுக்கும் அவ்வளவுதான் புத்தி, எனக்கும்;
சத்தம் கேட்டுத்தான் நானும் நடந்து வந்திருந்தேன்.

பத்திலிருந்து பதினாறுவரை அவனுடைய கைகள்.
பதினாறில் குறிப்பு: வெள்ளரிக்காய் வாசனை.
(ஸ்டிண்டா அப்படித்தான் மணக்கும்.
ஃபிலிமில் ஏறாது என்று தெரிந்தே எழுதினேன்.)

பதினேழு.
வலையைத் தூக்கும்போது ஒரு மீன் துள்ளி
அவன் சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது.
சிரித்தான்.
வாய் முழுக்க, கடைவாயில் இல்லாத பல் தெரிய.
அழுத்தினேன்.
பதினாறு, நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
எழுதும்போதுதான் தெரிந்தது,
மீட்டர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டேன்.
குறிப்பு: சிரிப்பு. முகம் இருட்டாக வரும். மடச்சி.

அப்புறம் நெம்புகோல் வெண்ணெய் மாதிரி ஓடியது.
கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.
முப்பத்தாறு முடிந்தது. முப்பத்தேழு. நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றில்தான் வயிற்றில் ஏதோ இறங்கியது.

கிளைபெதாவில், குளியலறை விளக்கை அணைத்துவிட்டு
கேமராவைத் திறந்து விரலால் தடவினேன்.
குளிரில் விறைத்த ஃபிலிம்
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே கிழிந்திருந்தது.
ஒன்பது படங்கள். நல்ல படங்கள்.
காகம் இல்லாத படம் உட்பட.
மிச்சத்துக்கு எழுத்து மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், பையில் கருவாட்டோடு.
எங்கே என் சிரிப்பு, அக்கா சொன்னாளே, என்றான்.
நோட்டைக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
பதினேழின் மேல் விரலை வைத்து
ரசீது பார்ப்பவன்போல இடமிருந்து வலமாக வாசித்தான்.
மீனைப் பற்றி எழுதவில்லையே, என்றான்.
இடம் போதவில்லை, என்றேன்.
அன்றைக்குப் பனிக்கட்டி பதினெட்டு சென்டிமீட்டர்,
அதையும் போட்டிருக்கலாம், என்றான்.

போகும்போது அந்த வரியைக் கேட்டான்.
கிழித்துத் தர மனம் வரவில்லை.
மின்கட்டண உறையின் பின்புறம், இந்த முறை பேனாவால்,
எழுதிக்கொடுத்தேன்.

எண்: பதினேழு.
வேகம்: நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
வெளிச்சம்: மேகமூட்டம், பனிக்கட்டி பதினெட்டு சென்டிமீட்டர்.
குறிப்பு: காலருக்குள் மீன்.

துளை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.
எட்டு என்று எழுதினேன்.